ஊசி பலிக்கிறதா? களை மகரந்த ஒவ்வாமைச் சிகிச்சையில் இரத்தப் பரிசோதனையின் இடம்

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்குப் போய் ஹெச்பிஏ1சி பார்த்துவிடுவார். எண் இறங்கியிருந்தால் நிம்மதி, ஏறியிருந்தால் கவலை. தைராய்டுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இதே வழக்கம்தான். களைச்செடி மகரந்த ஒவ்வாமைக்கு ஊசி போடத் தொடங்கியவரும் அதே பழக்கத்தில் ஐந்தாறு மாதம் கழித்து ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்புப் பொருளின் இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்து பார்க்கிறார். எண் முன்பைவிடக் கூடியிருக்கிறது. "ஊசி போட்டு அலர்ஜி அதிகமாகிவிட்டது" என்று பயந்து சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்.

நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. முதல் மாதங்களில் அந்த எண் ஏறுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

ஒவ்வாமை இம்யூனோதெரபி என்பது உடல் எந்த மகரந்தத்தை எதிர்க்கிறதோ அதையே சிறிது சிறிதாக, அளவைக் கூட்டிக்கொண்டே போய்க் கொடுத்து, உடலைப் பழக்கும் சிகிச்சை. தோலுக்கடியில் ஊசியாகவோ நாக்குக்கு அடியில் சொட்டாகவோ மாத்திரையாகவோ கொடுக்கிறார்கள். ஊசி என்றால் முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் போகும். இவ்வளவு நீண்ட பயணத்தில் சரியான பாதையில்தான் போகிறோமா என்று தெரிந்துகொள்ள விரும்புவது நியாயமானது. இரத்தப் பரிசோதனை அதற்கு எந்தக் கட்டத்தில் கைகொடுக்கும், எந்தக் கட்டத்தில் குழப்பும் என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

முதல் ஊசிக்கு முன்: குற்றவாளி எந்தக் களை?

இரத்தப் பரிசோதனையால் மிகப் பெரிய பயன் கிடைப்பது சிகிச்சை தொடங்குவதற்கு முன்புதான். தவறான செடியின் மகரந்தத்தை ஐந்து ஆண்டு போட்டாலும் பலன் இருக்காது.

உலகில் களை மகரந்தம் என்றாலே மருத்துவர்கள் முதலில் சொல்வது ராக்வீட். வட அமெரிக்காவிலும், ஐரோப்பாவில் ஹங்கேரியிலும், பிரான்சின் லியோன் வட்டாரத்திலும் ஆகஸ்ட் மாதம் வந்தால் பல லட்சம் பேரைத் தும்ம வைக்கும் செடி அது. மத்திய ஐரோப்பாவிலும் வட சீனாவிலும், நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த மக்வொர்ட் அந்த வேலையைச் செய்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் பரியேட்டேரியா. இந்தியாவில் பார்த்தீனியம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி 1955இல் பூனாவில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுவதும் பரவியது. மழை பெய்தால் முளைத்து, சில வாரங்களிலேயே பூத்துவிடும். இதனோடு நாம் கீரையாக மட்டும் அறிந்த குப்பைக்கீரை, முள்ளுக்கீரை வகைகளும், சக்கரவர்த்திக் கீரையின் இனமும், ஆமணக்கும் காற்றில் மகரந்தம் விடுகின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பார்த்தீனியமும் ராக்வீடும் ஒரே குடும்பத்துச் செடிகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. ஸ்ரீராமராவ், பி. வி. சுப்பாராவ் ஆகியோர் பார்த்தீனிய மகரந்த ஒவ்வாமையை விரிவாக ஆராய்ந்தார்கள். இரண்டு செடிகளின் மகரந்தப் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் ஒன்றுக்கு உருவான ஐஜிஇ மற்றொன்றோடும் ஒட்டிக்கொள்ளும் என்று 1993இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் களைத் தொகுப்புகளில் ராக்வீடும் மக்வொர்ட்டும் தவறாமல் இருக்கும். பார்த்தீனியம் இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ராக்வீட் செடியை வாழ்நாளில் பார்த்திராத ஒரு சேலத்துக்காரரின் ரிப்போர்ட்டில் "ராக்வீட் பாசிட்டிவ்" என்று வந்தால், தெருமுனைப் பார்த்தீனியம் அதன் பின்னால் இருக்கலாம். பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டியலில் எந்தெந்தச் செடி இருக்கிறது என்று லேபில் கேட்டுவிடுவது நல்லது.

ஒரே நேரத்தில் ஏழெட்டு மகரந்தங்களுக்குப் பாசிட்டிவ் வருவதும் உண்டு. எல்லாச் செடிகளிலும் பொதுவாக உள்ள புரோஃபிலின் போன்ற புரதங்கள்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அப்போது தனித்தனிப் புரதங்களை அளக்கும் கூறுப் பரிசோதனை உதவும். ராக்வீடுக்கு ஆம்ப் ஏ 1, மக்வொர்ட்டுக்கு ஆர்ட் வி 1, பரியேட்டேரியாவுக்குப் பார் ஜே 2 என்று ஒவ்வொரு செடிக்கும் அடையாளப் புரதம் உண்டு. அது பாசிட்டிவாக இருந்தால் அந்தச் செடிதான் மூலம் என்ற நம்பிக்கையோடு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். பொதுப் புரதம் மட்டும் பாசிட்டிவாக இருந்தால் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம்.

பார்த்தீனியத்தால் தோலில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் செடியில் உள்ள பார்த்தெனின் முதலான வேதிப்பொருள்களால் வரும் தொடுதோல் அழற்சி. அதில் வினைபுரிவது டி செல்கள். ஐஜிஇக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஐஜிஇ இரத்தப் பரிசோதனையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஒட்டுச் சோதனைதான் வேண்டும். இந்த அத்தியாயம் பேசும் ஊசி மூக்குக்கும் கண்ணுக்கும் மூச்சுக்குழலுக்கும் உரியது.

ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று எண்கள்

முதலாவது மொத்த ஐஜிஇ. உடலில் உள்ள எல்லா ஐஜிஇயும் சேர்ந்த கணக்கு இது. குடற்புழு இருந்தாலும் ஏறும், தோல் எக்ஸிமா இருந்தாலும் ஏறும். இந்த ஒற்றை எண்ணை வைத்து ஒவ்வாமை கூடியது, குறைந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குறிப்பிட்ட ஐஜிஇ, அதாவது ஒரு குறிப்பிட்ட மகரந்தத்துக்கென்றே உருவானது. பெரும்பாலான லேப்கள் இதை லிட்டருக்கு இத்தனை கிலோ யூனிட் என்று கொடுக்கின்றன. 0.35க்குக் கீழே பொதுவாக நெகட்டிவ். 0.35 முதல் 0.7 வரை முதல் வகுப்பு, 3.5 வரை இரண்டாவது, 17.5 வரை மூன்றாவது என்று ஏறி, 100ஐத் தாண்டினால் ஆறாவது வகுப்பு. வகுப்பு உயர்ந்தால் தும்மலும் அதே கணக்கில் உயரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. எண் 40 இருந்தும் தொல்லையே இல்லாதவர்கள் உண்டு. எண் 2 வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுவதும் மூச்சுக்குத் திணறுகிறவர்களும் உண்டு. பாசிட்டிவ் என்பது உடல் அந்த மகரந்தத்தை அடையாளம் வைத்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நோய் என்று சொல்ல அறிகுறியும் பொருந்தி வர வேண்டும்.

மூன்றாவது ஐஜிஜி4. இது பெரும்பாலான சாதாரண ரிப்போர்ட்டுகளில் இருக்காது, தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. தோல் குத்துச் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒமலிசுமாப் ஊசி போடுகிறவர் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து ஐஜிஇயோடு ஒட்டி அதை இரத்தத்தில் தங்க வைப்பதால் மொத்த ஐஜிஇ எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

ஐஜிஇ ஏன் ஏறி, பிறகு இறங்குகிறது?

ஐஜிஇயின் வரலாறே களைச் செடியோடு பின்னியது. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் ஜப்பானியத் தம்பதியான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் இந்த எதிர்ப்புப் பொருளைப் பிரித்தறிந்தது, ராக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களின் சீரத்திலிருந்துதான். அடுத்த ஆண்டே சுவீடனின் உப்சாலாவில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரின் குழு அதே பொருளைத் தனி வழியில் கண்டறிந்து, இரத்தத்தில் அளக்கும் முறையையும் உருவாக்கியது. அளக்க முடிந்ததும் மருத்துவர்களுக்கு எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று, ஊசி போட்டால் இது என்ன ஆகிறது என்பது.

மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கிளைக்கும் சகாக்களும் ராக்வீட் ஊசி போட்டவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1982இல் விடையை வெளியிட்டார்கள். ராக்வீட் ஐஜிஇ முதலில் ஏறுகிறது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு மெல்ல இறங்குகிறது. அதோடு வேறொன்றும் நடக்கிறது. சிகிச்சை பெறாதவர்களுக்கு ஒவ்வொரு மகரந்தப் பருவம் முடிந்ததும் ஐஜிஇ ஒரு துள்ளுத் துள்ளும். ஊசி போடுகிறவர்களிடம் அந்தப் பருவத் துள்ளல் அடங்கிப்போகிறது.

காரணம் எளிது. ஊசி வழியாக உள்ளே போவது மகரந்தப் புரதம்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் முதலில் பழைய பழக்கப்படி ஐஜிஇயை உற்பத்தி செய்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல, அடக்கும் டி செல்கள் தலையெடுத்து அந்தப் பழக்கத்தை மாற்றுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒருவருக்குத் தொடக்கத்தில் பார்த்தீனிய ஐஜிஇ 8. ஆறாவது மாதம் 15. இரண்டாம் ஆண்டு 9. நான்காம் ஆண்டு 5. இந்த வரிசையில் எந்த எண்ணும் கவலைக்குரியதல்ல. நான்காம் ஆண்டிலும் 5 என்பது பாசிட்டிவ்தான். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் அலர்ஜி போகவில்லை" என்று சொல்வதும் தவறு. வெற்றிகரமாகச் சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐஜிஇ பூஜ்யமாவதில்லை.

இதனால்தான் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களின் 2011ஆம் ஆண்டு நடைமுறை வழிகாட்டி, சிகிச்சை நடக்கும்போது குறிப்பிட்ட ஐஜிஇயையோ தோல் சோதனையையோ வழக்கமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம் என்று சொன்னது. அந்த எண்களுக்கும் நோயாளி அடையும் குணத்துக்கும் நெருங்கிய தொடர்பு நிறுவப்படவில்லை என்பதுதான் அதற்குக் காட்டிய காரணம்.

ஐஜிஜி4: மருந்து உடலில் சேர்ந்ததற்கான அடையாளம்

1935இல் நியூயார்க்கின் ராபர்ட் குக்கும் குழுவினரும் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். ஊசி சிகிச்சை பெற்ற மகரந்தக் காய்ச்சல்காரர்களின் சீரத்தில், ஒவ்வாமைத் தோல் வினையைத் தடுக்கும் ஏதோ ஒன்று புதிதாக உருவாகியிருந்தது. தடுப்பு எதிர்ப்புப் பொருள் என்று அறியப்பட்ட அதில் பெரும்பங்கு ஐஜிஜி வகையைச் சேர்ந்தது, குறிப்பாக ஐஜிஜி4, என்று பின்னாளில் தெளிவானது. மகரந்தப் புரதம் ஐஜிஇயைத் தொடுவதற்கு முன்பே அதை மடக்கிப் பிடித்துவிடுவது இதன் வேலை.

ஊசி தொடங்கிய சில மாதங்களில் மகரந்தத்துக்கான ஐஜிஜி4 பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயரும். அப்படியானால் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் ஒரு தடை உண்டு. நன்றாகக் குணமானவர்களுக்கும் ஐஜிஜி4 ஏறுகிறது, குணமே தெரியாதவர்களுக்கும் ஏறுகிறது. தனி ஒருவரிடம் எண் எவ்வளவு ஏறியது என்பதை வைத்து அவர் எவ்வளவு தேறினார் என்று கணிக்க முடிவதில்லை.

ஆனாலும் அது வீண் பரிசோதனை அல்ல. ஓராண்டு ஊசி போட்டும் ஐஜிஜி4 அசையவே இல்லை என்றால் மூன்று கேள்விகள் எழுகின்றன. மருந்தின் அளவு போதுமா? மருந்து குளிர்சாதனப் பெட்டியில் சரியாக இருந்ததா? தவணைகள் தவறினவா? வீட்டில் நாக்கடிச் சொட்டு போட்டுக்கொள்கிறவர்கள் விஷயத்தில், தினமும் உண்மையிலேயே போடுகிறார்களா என்பதற்கும் இது ஓரளவு சாட்சி சொல்லும்.

உணவு ஒவ்வாமை என்ற பெயரில் நூறு உணவுகளுக்கு ஐஜிஜி, ஐஜிஜி4 பார்த்துத் தரும் தொகுப்புகள் விற்பனையில் இருக்கின்றன. மேலே சொன்னதைப் புரிந்துகொண்டவருக்கு அவை ஏன் பயனற்றவை என்பதும் விளங்கும். ஐஜிஜி4 இருப்பது, உடல் அந்தப் பொருளைச் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதன் அடையாளம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகத்தின் பணிக்குழு 2008இலேயே கூறிவிட்டது.

ஆய்வகத்தில் இன்னும் சோதனையில் இருப்பவை

யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் எண் ஒன்றைத் தேடும் முயற்சி ஓயவில்லை. குறிப்பிட்ட ஐஜிஇயை மொத்த ஐஜிஇயால் வகுத்துச் சதவீதமாக்கினால் வரும் விகிதம் அவற்றில் ஒன்று. 279 நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான இத்தாலிய ஆய்வில், இந்த விகிதம் 16.2க்கு மேல் இருந்தவர்களுக்குச் சிகிச்சை நன்றாகப் பலித்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குறிப்பிட்ட ஐஜிஇ 20, மொத்தம் 100 என்றால் விகிதம் 20. அதே ஆளுக்குக் குடற்புழுவால் மொத்த ஐஜிஇ 1,500 ஆகிவிட்டால் விகிதம் 1.3க்கு விழுந்துவிடும். ஒவ்வாமை மாறவில்லை, கணக்கு மட்டும் மாறியது.

பேசோஃபில் தூண்டல் சோதனை இன்னொன்று. நோயாளியின் இரத்தத்தில் உள்ள பேசோஃபில் செல்களோடு மகரந்தச் சாற்றைச் சேர்த்து, அவை எவ்வளவு கொதித்தெழுகின்றன என்று பார்ப்பார்கள். சிகிச்சை பலித்தவர்களிடம் அந்த வேகம் தணிகிறது. ஆனால் இரத்தம் புதிதாக இருக்க வேண்டும், தேர்ந்த ஆய்வகம் வேண்டும். சீரத்தின் தடுக்கும் ஆற்றலையே நேரடியாக அளக்கும் முறைகளும் உண்டு. 2017இல் ஐரோப்பியக் கழகம் இவை அனைத்தையும் அலசி, ஐஜிஇ விகிதத்தையும் தடுப்பாற்றல் சோதனையையும் மேலும் ஆராயத்தக்கவை என்று குறித்தது. அன்றாடச் சிகிச்சையை முடிவு செய்யும் தகுதி எதற்கும் இன்னும் வரவில்லை.

உண்மையான அளவுகோல் நோட்டில் இருக்கிறது

சிகிச்சை பலிக்கிறதா என்பதை இன்று நம்பகமாகச் சொல்வது தினக்குறிப்புதான். மருந்து ஆய்வுகளே இதைத்தான் முதன்மை அளவாகக் கொள்கின்றன. ஐரோப்பியக் கழகம் 2014இல் பரிந்துரைத்த முறையை யாரும் வீட்டில் பின்பற்றலாம்.

மூக்குக்கு நான்கு அறிகுறிகள்: அரிப்பு, தும்மல், நீர் ஒழுகல், அடைப்பு. கண்ணுக்கு இரண்டு: அரிப்பு அல்லது சிவப்பு, நீர் வடிதல். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, லேசு 1, நடுத்தரம் 2, கடுமை 3. ஆறையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். அன்று எடுத்த மருந்துக்குத் தனி மதிப்பெண்: எதுவும் இல்லை 0, ஒவ்வாமை மாத்திரை அல்லது சொட்டு 1, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே 2, ஸ்டீராய்டு மாத்திரை 3. இரண்டையும் கூட்டினால் நாளுக்கு 0 முதல் 6 வரை ஓர் எண் கிடைக்கும்.

மருந்தையும் சேர்த்துக் கணக்கிடுவதில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது. தினமும் மாத்திரை விழுங்கித் தும்மலை அடக்கிக்கொண்டிருப்பவர், அறிகுறியை மட்டும் எழுதினால் குணமானவர்போலத் தெரிவார். மூச்சு இளைப்பு உள்ளவர்கள் இதனோடு பீக் ஃப்ளோ அளவையும், இன்ஹேலர் எத்தனை முறை எடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஆண்டு முழுவதும் எழுதத் தேவையில்லை. அவரவருக்குத் தொல்லை உச்சத்தில் இருக்கும் ஏழெட்டு வாரங்கள் போதும். ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு.

எப்போது இரத்தம் கொடுக்கலாம்?

சிகிச்சைக்கு முன்: குறிப்பிட்ட ஐஜிஇ கட்டாயம். தேவைப்பட்டால் கூறுப் பரிசோதனை. வசதி இருந்தால் அந்த மகரந்தத்துக்கான ஐஜிஜி4 ஒருமுறை. பின்னால் ஒப்பிட அடிப்படை இதுதான்.

முதல் ஆண்டு: எல்லாம் சீராகப் போனால் எதுவும் வேண்டாம். ஊசிக்குப் பிறகு 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருப்பது, இளைப்பு இருக்கும் நாளில் ஊசியைத் தள்ளிப்போடுவது ஆகியவைதான் அப்போது முக்கியம்.

முழு அளவை எட்டி ஓராண்டு கழிந்தும் நோட்டின் எண் இறங்கவில்லை என்றால்: இப்போது பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. ஐஜிஜி4 ஏறியதா என்று பார்ப்பது ஒன்று. வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான், பூஞ்சை, வேறொரு களை என்று புதிய ஒவ்வாமை சேர்ந்துகொண்டதா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டுமே சரி என்றால், தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரோடு வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் அது.

மறுபடி எடுக்கும்போது அதே லேப், அதே முறை, ஆண்டின் அதே மாதம் என்ற மூன்றையும் காக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியில் வந்த 12ஐ வேறொரு முறையில் வந்த 7உடன் ஒப்பிட முடியாது. பருவம் தொடங்குமுன் எடுத்த எண்ணையும் பருவம் முடிந்து எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால், சிகிச்சையின் விளைவு எது, மகரந்தத்தின் விளைவு எது என்று பிரிக்க முடியாது.

நிறுத்திய பிறகு

மூன்று ஆண்டுகள் முழுதாகத் தொடர்வது ஏன் என்பதற்குப் புல் மகரந்த ஆய்வுகள் பதில் தருகின்றன. 1999இல் வெளியான லண்டன் ஆய்வில், மூன்று நான்கு ஆண்டு ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் பலன் நீடித்தது. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டே ஆண்டில் நிறுத்தியவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் பலன் நிலைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் தும்மல் அடங்கிவிட்டது என்பதற்காகவோ ஐஜிஇ இறங்கிவிட்டது என்பதற்காகவோ விட்டுவிடக் கூடாது.

நிறுத்தியபின் ஐஜிஜி4 சரியும்போதும் பயம் வேண்டாம். 2011இல் வெளியான புல் மகரந்த ஆய்வு ஒன்றில், சிகிச்சையை நிறுத்தியபின் ஐஜிஜி4 அளவு 80 முதல் 90 சதவீதம் வரை விழுந்தது. ஆனால் சீரத்தின் தடுக்கும் ஆற்றல் அப்படியே நின்றது, அறிகுறிகளும் திரும்பவில்லை. எஞ்சியது கொஞ்சமே என்றாலும் அது தரமானது. ஆகவே எண் குறைந்தது என்பதற்காக மட்டும் ஊசியை மறுபடி தொடங்கச் சொன்னால் காரணம் கேட்க வேண்டும்.

நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று பருவங்களுக்கு நோட்டில் மதிப்பெண் எழுதிவருவது பயன் தரும். தொடர்ந்து இரண்டு பருவம் எண் பழைய உயரத்தை நோக்கி ஏறினால், முதல் ரிப்போர்ட், ஊசி அட்டை, நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். அன்று எடுக்கும் குறிப்பிட்ட ஐஜிஇ, பழைய மகரந்தம்தான் திரும்பியிருக்கிறதா அல்லது புதிய ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பிரித்துக் காட்ட உதவும்.